எருக்குழிக் காவல்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகும். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்துகூட ஆள் அனுப்பிக் குடத்தில் எடுத்துப்போன வீடுகள் உண்டு. மந்தைவெளியைத் தாண்டித் தெற்கே, கால்வாய்க்கு இந்தப் பக்கம், என் புருஷன் வீட்டுப் பங்காளிகள் ஐந்து குடும்பமாகக் குடியிருந்தோம். வீட்டுக்கு இரண்டு மாடோ மூன்று மாடோ இருக்கும். கொட்டகைக்குப் பின்னால் கீரைப்பாத்தி. காலையில் பால், அப்புறம் கீரை, இதுதான் பிழைப்பு. நாங்கள் குடிப்பது, மாடு குடிப்பது, பாத்திக்கு இறைப்பது எல்லாம் அந்த ஒரே கிணறுதான்.

நான் பள்ளிக்கூடம் பார்த்தவள் இல்லை. பின்னாளில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுப் பாலிலும் நான் தண்ணீர் ஊற்றியவள் இல்லை.

கிணற்றை ஒட்டியே எருமேடு இருந்தது. ஐந்து கொட்டகைச் சாணியும் அங்கேதான் விழும். அடுப்புச் சாம்பல், கூட்டின குப்பை, பிள்ளைகள் வெளிக்கிருந்தது, எல்லாவற்றையும் அதில் போட்டு மூடுவோம். கிணற்றங்கரையில் ஏன் கொட்டினீர்கள் என்று பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எருவுக்கு அன்றைக்கு மதிப்பு. வரட்டி தட்டி விற்கிறவள் கண் அசந்தால் ஒரு கூடை வாரிக்கொண்டு போய்விடுவாள். அவளைவிடப் பங்காளிகளுக்குப் பங்காளிகள் மேல்தான் சந்தேகம். கிணற்றங்கரை என்றால் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஐந்து வீட்டுப் பெண்களில் யாராவது ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். எருவுக்குக் காவல் என்று தனியாக ஆள் வேண்டாம். மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானதே, அந்த வருஷத்தில்தான் மேடு பெரிதாகப் போய்விட்டது. மாட வீதியில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கியது. பால் வாங்க ஆள் இல்லை. அடையாற்றில் துரைமார்களும் வக்கீல்களும் இருந்த தோட்ட பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. அந்த ரோஜாத் தோட்டங்களுக்கு எங்களிடம் எரு வாங்கி வண்டி கட்டிப்போகும் பாய் வருவதை நிறுத்திவிட்டார். மாடுகள் சாணி போடுவதை நிறுத்தவில்லை. மேடு ஆள் உயரத்துக்கு வளர்ந்து ஒரு பக்கம் சரிந்து கிணற்று மேடையைத் தொட்டது. நாங்கள் அதைச் செல்வம் என்று பார்த்தோம்.

அதற்கடுத்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை. எங்கள் வளைவில், அதாவது அந்த ஐந்து வீட்டில், வாந்திபேதி வந்தது. என் ஓரகத்தி, அதாவது என் புருஷனுடைய அண்ணன் பெண்சாதி, அவளுடைய பெண்ணுக்கு வந்து பிழைத்துக்கொண்டது. மூன்றாவது வீட்டுக் கிழவருக்கு வந்து பிழைத்துக்கொண்டார். என் பிள்ளைக்கு வந்தது. நாலு வயசு நடந்துகொண்டிருந்தது. காலையில் மாட்டின் வாலைப் பிடித்து இழுத்து உதை வாங்கப் பார்த்தான். மறுநாள் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். பெண்பிள்ளைகள் கூடப் போவது வழக்கமில்லை. நான் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை விட்டிருந்தது. மாட்டுக்குத் தவிடு கரைக்க நேரமாகிவிட்டது என்று தோன்றியது. போய்க் கரைத்தேன்.

அதற்குப்பிறகு நான் அழவில்லை என்று எங்கள் வளைவில் பேச்சு வந்தது. ஓரகத்தி என் காதில் படவே சொன்னாள்: “கல்லுல செஞ்ச மாரி கீறா பாரு.” எனக்குக் கோபம் வரவில்லை. பால் கறந்தேன், கீரை கட்டினேன், சோறு பொங்கினேன். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று என் புருஷன் சொன்னால்தான் தெரியும்.

தை மாதத்தில் ஊருக்கு ஓடிப்போயிருந்த வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. மாட வீதியில் ஒரு மாமி கும்பகோணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். நான் பால் கொண்டுபோய் நின்றேன். மாமி செம்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“எங்கேடி உன் வாலு? ஆத்து வாசல்ல வந்து நின்னுண்டு வெல்லம் கேப்பானே?”

“இல்ல மாமி.”

“ஆத்துல விட்டுட்டு வந்துட்டியா?”

“இல்ல மாமி. பூட்டான்.”

மாமி கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. நான் பால் ஊற்றினேன். விளிம்பு வரை வந்ததும் நிறுத்தினேன். “நாளைக்கு எவ்ளோ ஊத்தட்டும்?” என்று கேட்டேன். மாமி உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

அந்த மாதமே கார்ப்பரேஷன் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். காக்கி கால்சட்டை, தொப்பி, கூட ஒரு ஆள். எந்தெந்த வீட்டில் நோய் வந்தது என்று விசாரித்துவிட்டுக் கிணற்றில் ஒரு பொடியைக் கரைத்து ஊற்றச் சொன்னார். தண்ணீர் நாவற்பழத்தைக் கசக்கின மாதிரி ஆகிவிட்டது. ஒரு பொழுது போனால் தெளிந்துவிடும், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடுகள் அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. ஓரகத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“மாட்டுக்குத் தெரியும்டி. இன்னாத்தையோ ஊத்தி நம்ம கெணத்தைத் தீட்டாக்கிட்டுப் பூட்டான் அந்தத் தொப்பிக்காரன்.”

எங்கள் எல்லாருக்கும் அது சரி என்றே பட்டது. தீட்டு என்றால் கழிக்க என்ன செய்வோம்? சாணி தெளிப்போம். பிரசவமான வீடு, சாவு நடந்த வீடு, எதுவானாலும் சாணி கரைத்துத் தெளித்தால் சுத்தம். வெள்ளிக்கிழமை காலையில் பசுஞ்சாணியை அண்டாவில் கரைத்து, மஞ்சள் போட்டு, வேப்பிலை கிள்ளிப் போட்டு, கிணற்று மேடை முழுக்க மெழுகினோம். உறைக்கு உள்பக்கம் கை எட்டும்வரை மெழுகினோம். கடைசியில் ஓரகத்தி மூன்று கை எடுத்துக் கிணற்றுக்குள்ளேயும் விட்டாள். கற்பூரம் ஏற்றினோம்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

“யாரும்மா இதைப் பண்ணினது?”

“நாங்கதான் சார், சுத்தம் பண்ணோம்,” என்றாள் ஓரகத்தி.

“எதால?”

“சாணியால.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே மேடையில் உட்கார்ந்தார். மெழுக்கு அன்று காலையில்தான் புதுப்பித்தது. எழுந்தபோது கால்சட்டையின் பின்னால் பச்சையாக ஒட்டியிருந்தது. கூட வந்த ஆள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவேண்டிய இடம் என்று தெரிந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் புருஷனிடம் மண்வெட்டி கேட்டார். எருமேட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் வெட்டச் சொன்னார். எங்கள் மண் மணல். முழங்கை ஆழம் போவதற்குள் குழியில் தண்ணீர் ஊறியது. கடுங்காப்பி நிறத்தில் ஊறியது. நாற்றம் அடித்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம்.

“மயத்தண்ணி அப்டித்தான் சார் இருக்கும்,” என்றார் மூன்றாவது வீட்டுக் கிழவர்.

“மழை விட்டு எத்தனை நாளாச்சு பெரியவரே? இது மேட்டிலிருந்து இறங்கற தண்ணி. மேடு கிணத்துக்கு மேல்பக்கம் இருக்கு. மணல் இதைத் தடுக்காது, வழி விட்டுடும். நீங்க பிள்ளைங்க கழிச்சதையும் இதுலதான் போடறீங்க. நோய்க்காரன் துணியையும் இங்கேதான் அலசறீங்க. எல்லாம் இறங்கி உள்ளே போகுது. அதைத்தான் சேந்திக் குடிக்கிறீங்க.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்காமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் அந்தக் குழியில் தண்ணீர் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் ஒரு வைக்கோல் துரும்பு சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் போகும்போது இரண்டு சொல்லிவிட்டுப் போனார். ஐப்பசி மழைக்குள் எருவைக் கிணற்றை விட்டுத் தள்ளிப் பள்ளத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் கிணற்றைப் பலகைக்கல் போட்டு மூடிவிட உத்தரவு வரும், அவர் நினைத்தாலும் தடுக்க முடியாது. தெருக்குழாய் தூரத்தில் இருந்தது. அதில் வரும் தண்ணீர் குடிக்கத்தான் காணும். கிணற்றை மூடினால் மாட்டை விற்கவேண்டும், பாத்தி காயும், ஐந்து குடும்பமும் கலைந்துபோக வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் பங்காளிகள் கூடினார்கள். கால்வாய் ஓரம் எங்களுக்குத் தாழ்வாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே குழி வெட்டலாம் என்பதில் ஒருவருக்கும் மாற்று இல்லை.

“வெட்டலாம். அவ்ளோ தொலைவுல யாரு பாத்துக்கிறது? வரட்டிக்காரி வாரிகினு பூடுவா.”

“வரட்டிக்காரி இன்னாத்துக்கு? நம்ம ஊட்டு ஆளுங்க பத்தாது?”

“யாரைச் சொல்றே நீ?”

“நான் பேரு சொன்னனா? குத்தமுள்ளவன் இன்னாத்துக்கு எழுந்து நிக்கிறான்?”

“ஆளுக்கு ஒருநாள் காவல் இருப்போம்.”

“உன் நாள்ல என் பங்கு கரைஞ்சிடும், நைனா. வேணாம்.”

இப்படியே போயிற்று. கிணற்றை மூடினாலும் மூடட்டும், ஒருத்தன் எருவை இன்னொருத்தன் தொடக்கூடாது என்கிற மாதிரிதான் பேச்சு. அப்போது ஓரகத்தி சொன்னாள்.

“சின்னவளே பாக்கட்டும். அவளுக்கு யாருக்குச் சேக்கணும்? ஒரு கூடை திருடினா எந்தப் புள்ளைக்கு வெக்கப் போறா?”

கிழவர் இருமினார். என் புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். குத்திக் காட்டினாளா, நம்பித்தான் சொன்னாளா என்று கேட்டால், இரண்டும்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலை ஆட்டினார்கள். அவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது.

“சரி,” என்றேன்.

பங்குனியில் குழி வெட்டினோம். இன்ஸ்பெக்டர் சொன்னபடி குழிக்குள் களிமண் அப்பி மிதித்தோம், சாறு மணலில் இறங்காமல் இருக்க. மழைத்தண்ணீர் உள்ளே ஓடி வராதபடி சுற்றிலும் கரை போட்டோம். மேலே பனையோலைப் படல். பிள்ளைகள் கழித்ததை அதில் போடக்கூடாது, தனியாகப் புதைக்கவேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். கொட்டகை கழுவும் தண்ணீர் முன்பு கிணற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பினோம். துணி அலசும் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பாத்திக்கு அந்தப் பக்கம் தள்ளினோம். பழைய மேட்டைக் கூடை கூடையாகச் சுமந்து காலி செய்வதற்குள் சித்திரை வந்துவிட்டது. மேடு இருந்த இடத்தில் மண் கறுப்பாக இருந்தது. அதையும் சுரண்டி எடுத்தோம்.

நான் கீரை கட்டி அனுப்பிவிட்டு, மாட்டைக் கவனித்துவிட்டு, குழியோரம் போய் உட்காருவேன். ஒரு பூவரச மரம் இருந்தது, நிழலுக்கு. ராத்திரி என் புருஷன் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய் அங்கேயே போட்டுக்கொள்வார். கூடையோடு வருகிறவர்கள் கொட்டுவதை நான் பார்ப்பேன். நான் பார்க்கிறேனா என்று அவர்கள் பார்ப்பார்கள். படலை விலக்கினால் உடனே மூடச் சொல்வேன். எவருக்கும் சலுகை இல்லை. ஓரகத்தியின் மகன் ஒருநாள் கரைமேல் கொட்டிவிட்டுப் போனான். கூப்பிட்டுத் திரும்ப அள்ளிப் போடவைத்தேன்.

“தாசில்தார் உத்தியோகம் குடுத்த மாரி பண்றாளே,” என்று ஓரகத்தி கிணற்றங்கரையில் சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அதைச் செய்யவேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாகவும் இல்லை. கால்வாயில் விறகு ஏற்றின படகுகள் போகும். போவது தெரியும். எங்கே போகிறது, யார் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றாது.

வைகாசியில் எருவண்டி பாய் திரும்ப வந்தார். கிண்டி குதிரைப்பந்தயத் திடலில் லாயத்துச் சாணியை ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார். வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாமா, சேட்டு பொட்டிமேல குந்திகினு கீற மாரி சாணிமேல குந்திகினு கீறே?”

“வண்டிய அந்தாண்ட நிறுத்து பாய். குதிரை நாத்தம் தாங்கல.”

“ரேஸ் குதிரை மா! துரைங்க துட்டு கட்ற குதிரை. அதும் சாணிக்கே ஒரு மருவாதி கீது.”

“மருவாதியோட அந்தாண்ட நிறுத்து.”

அவர் இறங்கி வந்து படலைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். எடுத்துப் பிழிந்து பார்த்தார். மோந்தும் பார்த்தார். “கரி மாரி கீதே,” என்றார். “மயயில நனைஞ்சி, வெயில்ல காஞ்சி, சத்து போன எருவைத்தான் எல்லாரும் எனக்குக் குடுக்கிறாங்கோ. இது நல்லா வெந்து கீது. மூடி வெச்சியா? யாரு சொன்னாங்கோ?” நான் சொன்னேன். அவர் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கவேண்டும். அடையாறு, கோட்டூர்ப் பக்கமிருந்து மாடு வைத்திருக்கிற பெண்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று வந்து பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிலரை அனுப்பினார். கிணறு எங்கே, மேடு எங்கே, எந்தப் பக்கம் சரிவு என்று கேட்பேன். களிமண் எப்படி மிதிப்பது என்று காட்டுவேன். வந்தவர்களில் ஒருத்தி இடுப்பில் பிள்ளை வைத்திருந்தாள். அவளிடம் மட்டும், போனதும் இன்றைக்கே நகர்த்து என்று சொன்னேன்.

ஆனி மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, வயிற்றில் இருக்கிறது என்று. சந்தோஷம் என்று சொல்லமுடியாது. துக்கமும் இல்லை. பால் கறக்கும்போது குமட்டியது, எழுந்து போய் வந்து மறுபடி உட்கார்ந்து கறந்தேன். முதலில் நினைத்தது காவலைத்தான். சேர்த்து வைக்க ஆள் இல்லாதவள் என்றுதான் என்னை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். இது தெரிந்தால் அந்த நியாயம் போய்விடும். வேறு யாரை வைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவரவர் எருவை அவரவர் கண் எதிரில் கொட்டுவோம் என்று மறுபடி கிணற்றங்கரைக்கு வந்துவிடுவார்கள். ஐப்பசி வந்துவிடும்.

புருஷனிடம் மட்டும் சொன்னேன். அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அண்ணிகிட்ட சொல்லலியா?”

“மய போவட்டும்.”

“வயிறு சொல்லிடுமே.”

“பொடவையத் தளர்த்திக் கட்டிக்கிறேன்.”

நான் முன்பே மெலிந்து போயிருந்தேன். உட்கார்ந்தே இருக்கிற வேலை. யாரும் என்னைக் கூர்ந்து பார்க்கும் வழக்கமும் விட்டுப்போயிருந்தது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. புரட்டாசியும் போயிற்று. எனக்குப் புளிப்பு வேண்டும் போலிருந்தால் பூவரசுக்குப் பக்கத்தில் புளியாரை முளைத்துக் கிடக்கும். கிள்ளித் தின்பேன்.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் கால்வாய் ஏறி வந்தது. எங்கள் தாழ்வு நிலத்தில் முதலில் கணுக்கால் தண்ணீர், பிறகு முழங்கால். நானும் என் புருஷனும் கரைமேல் மண் போட்டுக்கொண்டே இருந்தோம். தண்ணீர் அடியில் குடைந்து ஒரு பக்கம் கரையை உடைத்தது. எரு கறுப்பாகக் கலங்கிக் கால்வாய்ப் பக்கம் போக ஆரம்பித்தது.

ஐந்து வீட்டிலிருந்தும் ஓடி வந்தார்கள். ஒரு வருஷத்து எரு. கூடையும் முறமும் எடுத்துக்கொண்டு அள்ளினார்கள். எங்கே கொண்டுபோவது? மேடான இடம் ஒன்றுதான் உண்டு, கிணற்றங்கரை. யாரும் யோசிக்கவில்லை. கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. முதல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓரகத்தி முன்னால் போனாள்.

நான் வரப்பில் குறுக்கே ஓடிப்போய் நின்றேன்.

“அங்க கொட்டாதே அக்கா.”

“நகருடி. போய்க்கினே கீது எல்லாம், கண்ணு தெரியல உனக்கு?”

“போவட்டும்.”

“போவட்டுமா? உனக்கு இன்னாடி? நீ போவட்டும்னு சொல்லுவே. எனக்குப் புள்ளைங்க கீது, நான் பாக்கணும்.”

“அங்க கொட்டக்கூடாது.”

பின்னால் வந்தவர்களும் கூடையோடு நின்றுவிட்டார்கள். மழை மூஞ்சியில் அடித்தது. எரு கரைந்து ஓரகத்தியின் நெற்றி வழியாகக் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் என்னைத் தள்ளப் பார்த்தாள். அந்தக் கை என் வயிற்றில் பட்டு நின்றது. புடவை நனைந்து ஒட்டியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு என் மூஞ்சியைப் பார்த்தாள்.

“எத்தினி மாசம்?”

“ஆறு.”

“ஆறு மாசமா? அடிப் பாவி. ஒரு வாய் சொல்லலியே.”

“சொல்லியிருந்தா என்னைக் காவல்ல வெச்சிருப்பியா?”

பின்னால் யாரோ, “இன்னாவாம்? இன்னாவாம்?” என்று கேட்டார்கள். அவள் திரும்பிச் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கூடை கனம், கழுத்து நடுங்கியது.

“இந்தத் தண்ணிதான் நான் குடிக்கிறேன். உன் பொண்ணும் இதைத்தான் குடிக்கிறா,” என்றேன். உரக்கச் சொல்லவில்லை. எனக்கு உரக்கப் பேச வராமல் போயிருந்தது.

ஓரகத்தி கூடையை இறக்கினாள். வரப்பிலிருந்து கால்வாய்ப் பக்கம் திரும்பி, தண்ணீரில் கவிழ்த்தாள். கூடையின் பின்புறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள், உள்ளே ஒட்டியிருந்ததும் விழட்டும் என்று. பிறகு பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

“இன்னா நின்னுகினு வேடிக்கை பாக்கிறீங்கோ? கெணத்தாண்ட ஒரு பிடி விழுந்தா கையை ஒடிச்சிடுவேன். கொட்டுங்கோ இங்க!”

இரண்டாவது வீட்டுக்காரர் முணுமுணுத்தார். மூன்றாவது வீட்டுக் கிழவர் கொட்டினார். அப்புறம் எல்லாரும் கொட்டினார்கள். மதியத்துக்குள் குழியில் ஒன்றும் இல்லை. பாத்தியும் மூழ்கிப் போயிருந்தது. அந்த வருஷத்துக் கீரை அழுகிவிட்டது. பாய் வந்து வெறும் குழியைப் பார்த்து, “அல்லா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அந்த மழையில் எங்கள் வளைவில் யாருக்கும் வாந்திபேதி வரவில்லை. கார்த்திகையில் இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துக்கொண்டு போனார். கொஞ்ச நாள் கழித்து வந்து, மூட வேண்டியதில்லை என்றார். ஆனாலும் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும் என்றார். பெண்கள் அவருக்கு மோர் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு, உட்காரும் முன் மேடையைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

காவல் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நான் நினைத்தபடியேதான் ஆயிற்று. “இனிமே உனக்கும் வேணுமே,” என்றார் இரண்டாவது வீட்டுக்காரர், தப்பாக எண்ணிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஓரகத்தி வேறு ஏற்பாடு செய்தாள். கொஞ்சம் மேடான இடமாக, ஆனால் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாகவே, வாழைக்கு அப்பால் புதுக்குழி. காவலுக்கு ஒரே வீட்டுக்காரர்கள் இல்லாமல் இரண்டு வீட்டிலிருந்து ஒவ்வொருத்தியாக, சேர்ந்து உட்கார வேண்டும். ஒருத்தியை ஒருத்தி நம்பாதவர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்தாள். அதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. கிணற்றங்கரைக்கு எரு திரும்பவில்லை. நாங்கள் அந்த இடத்தை விட்டுப் போகும்வரை திரும்பவில்லை.

என் முறை வரும்போது என்னோடு ஜோடியாக ஓரகத்தியே உட்கார்ந்தாள். அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கல் என்று என்னைச் சொன்னதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. வரும்போது முந்தானையில் ஊறுகாய் முடிந்து கொண்டுவருவாள். கேட்காமலே நீட்டுவாள். வாங்கிக்கொள்வேன்.

தை கடைசியில் பெண் பிறந்தாள். பிரசவத்தில் ஓரகத்திதான் கூட இருந்தாள். பிள்ளையைக் கழுவிக் கொண்டுவந்து காட்டினாள். நான் பார்த்தேன். விரல்களை எண்ணிப் பார் என்றாள். எண்ணினேன்.

பால் கட்டிக்கொண்டு முதல் நாள் சரியாக வரவில்லை. குழந்தை கத்தினாள். ஓரகத்தி கிணற்றில் சேந்தி, காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டிக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். கொண்டுவந்தவள் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டு நின்றாள். நான் அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். நிறம் ஒன்றும் இல்லை. மோந்து பார்த்தேன். ஒரு வாய் நான் குடித்தேன். பிறகு பாலாடையில் ஊற்றிக் குழந்தையின் உதட்டில் வைத்தேன். கொஞ்சம் வெளியே வழிந்தது. மற்றதை விழுங்கினாள்.

“போதுமாடி?” என்றாள் ஓரகத்தி.

“இன்னும் கொஞ்சம் ஊத்து,” என்றேன்.